முதிய பூனையும் புதிய குட்டியும்

கேரளத்தின் கிழக்கெல்லை தமிழ்நாட்டைத் தொட்டுச் செல்லும் வழியில் ஆனைமலைத் தொடர் குறுக்கிடுகிறது. அம்மலைக்கு வடபுறத்தே பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்கள் உள்ளன. தென்புறத்தே இடுக்கி மாவட்டத்தின் மறையூர், மூணாறு, பூப்பாறை, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை அமைந்துள்ளன. முன்னது நெல்லும் தென்னையும் செழிக்கும் சமவெளி. பின்னது தேயிலையும் ஏலமும் விளையும் மலைநாடு. தட்பவெப்பமும் தொழிலும் வேறுபட்டாலும், இரு பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கேட்கும். இரு பகுதிகளிலும் பூனை வளர்க்கும் வழக்கமும் பரவியுள்ளது. பத்தாயத்து நெல்லையும் பரணிலே வைத்த ஏலக்காய் மூட்டையையும் எலியினின்று காக்கக் கொணரப்பட்ட பிராணி, நாளடைவில் அடுப்படியில் உரிமையோடு உறங்கும் குடும்ப அங்கமாகிவிடுகிறது.

இப்பூனைக்கு எட்டு, பத்து வயது நிரம்பி, வேட்டையில் நாட்டம் தளரும்போது, வீட்டார் புதிதாக ஒரு குட்டியைத் தேடுகின்றனர். தேடாமலே வந்து சேர்வதும் உண்டு. பள்ளி விட்டு வரும் சிறுவன் சட்டைக்குள் மறைத்து ஒன்றைக் கொண்டுவருவான். குட்டியை நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு, "இரண்டும் பழகிக்கொள்ளும்" என்று விட்டுவிடுவதே பொது வழக்கம். சில வீடுகளில் அவ்வாறே பழகியும் விடுகின்றன. பல வீடுகளில் முதிய பூனை உணவை மறுத்து அயல்வீட்டுக் கூரையில் வாசம் செய்யத் தொடங்குகிறது. அல்லது, இரண்டாம் வாரத்திற்குள் குட்டி வாந்தியும் பேதியும் கண்டு மடிகிறது. அல்லது, சண்டையை விலக்கப் புகுந்தவரின் கையில் பல் பதிகிறது.

இவற்றுள் கடைசியாகக் கூறியதைச் சிறு விஷயமென்று தள்ளுவதற்கில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேரள சுகாதாரத் துறை அளித்து 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த விவரத்தின்படி, 2020-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் பூனைக்கடிக்காகச் சிகிச்சை நாடியவர் 2,16,551 பேர். நாய்க்கடிக்காக நாடியவர் 1,60,483 பேர். நாயினும் பூனையே மிகுதியாகக் கடிக்கிறது என்னும் செய்தி பலருக்கு வியப்பளித்தது. ரேபீஸ் என்னும் வெறிநோய் மனிதருக்குப் பெரும்பாலும் நாயின் மூலமாகவே பரவுகிறது என்பது உண்மை. ஆயினும் பூனையையும் அந்நோய் பற்றும். நோயுற்ற பூனையின் கடியும் நாயின் கடியைப் போலவே உயிர்க்கொல்லியாகும். ஆகவே, இரு பூனைகளை ஒரு வீட்டில் பழக்குவது எவ்வாறு என்னும் வினா, பிராணிப் பிரியர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. கிராம சுகாதாரத்தைச் சார்ந்ததுமாகும்.

தனித்து வேட்டையாடும் இனம்

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையாகும். கார்லோஸ் டிரிஸ்கால் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் சகாக்களும் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை உறுதிப்படுத்தியது. அம்மூதாதை கூட்டமாய் வாழ்வதன்று. ஓநாய்க் கூட்டம் ஒரு மானை வீழ்த்தினால் பல வாய்களுக்கு இரை கிடைக்கும். பூனை பிடிக்கும் எலியோ ஒரு வாய்க்கே போதாது. இரையின் அளவே இவ்விரு இனங்களின் குணத்தையும் வகுத்தது எனலாம். நாய்க்குத் தலைவனுக்குப் பணியும் குணமும் சமாதானம் கேட்கும் சைகைகளும் இயல்பிலேயே அமைந்தன. பூனைக்கு அவ்விதச் சைகைகள் மிகக் குறைவு. அயலானைக் கண்டால் விலகிப் போவது, அன்றேல் விலக்குவது, இவ்விரண்டே அதற்குத் தெரிந்த வழிகள்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்துப் பண்ணைகளில் டேவிட் மக்டொனால்ட் போன்றோர் பூனைகளைக் கூர்ந்து நோக்கினர். உணவு நிலையாகக் கிடைக்குமிடத்தில் தாய், மகள், சகோதரி என உறவுடைய பெண் பூனைகள் கூடி வாழ்வதையும், ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதையும் கண்டனர். அக்கூட்டத்தை நாடிவரும் உறவற்ற பூனையோ துரத்தப்பட்டது. நம் வீட்டுப் பூனை தான் ஈன்ற குட்டியைச் சீராட்டுவதையும், அதே வயதுடைய அயல்வீட்டுக் குட்டியைக் கண்டு சீறுவதையும் பார்த்து, "இதற்குப் பொறாமை" என்று கூறுகிறோம். பொறாமை என்பது நாம் கற்பிக்கும் பெயர். உறவினர், அயலார் என்ற பாகுபாடே அதன் சீற்றத்திற்குக் காரணம்.

அப்பாகுபாட்டைப் பூனை மோப்பத்தால் அறிகிறது. கன்னம், மோவாய், நெற்றியின் இரு புறங்கள், வாலடி, உள்ளங்கால் ஆகிய இடங்களில் அதற்கு மணச்சுரப்பிகள் உள்ளன. கதவுநிலையிலும் நம் காலிலும் அது முகத்தை உரசும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையைப் பதித்துச் செல்கிறது. ஒருங்கு வாழும் பூனைகள் ஒன்றோடொன்று உரசி, யாவர்க்கும் பொதுவானதொரு மணத்தை உண்டாக்கிக் கொள்கின்றன. இம்மணங்களை நுகர மூக்கு மட்டுமன்றி, மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் திறக்கும் வேறோர் உறுப்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் நாட்டு லுட்விக் ஜேகப்சன் இதனை விவரித்தமையால் இது ஜேகப்சன் உறுப்பு எனப்படும். பூனை ஒரு துணியை மோந்துவிட்டு, மேலுதட்டைச் சுருக்கி வாயை அரைகுறையாய்த் திறந்து திகைத்தாற்போல் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அது அருவருப்பால் முகம் சுளிப்பதாக எண்ணுவது தவறு. மணத்தை அவ்வுறுப்பிற்குச் செலுத்திப் பரிசீலிக்கிறது.

ஆகவே, புதிய குட்டியை நடுக்கூடத்தில் இறக்கிவிடும் வீட்டார், முதிய பூனையின் முத்திரைகள் நிறைந்த இடத்தில் ஓர் அயலகத்து மணத்தைத் திடுமென வைக்கின்றனர். குட்டியை நறுமணச் சோப்பினால் குளிப்பாட்டிக் கொணர்வது நிலைமையை இன்னும் கெடுக்கும். அதற்குரிய மணம் போய், எந்த உயிருக்கும் சொந்தமில்லாத மணம் ஏறிவிடுகிறது. மூணாற்றுக் குளிரில் நனைந்த குட்டி உடல்வெப்பம் இழந்து மடியவும் கூடும்.

நூல்கள் கூறுவதும் லயத்தில் இயல்வதும்

மேனாட்டுக் கைந்நூல்கள் அனைத்தும் ஒருமுகமாகக் கூறுவது: புதிய குட்டியை முதலில் ஒரு தனியறையில் வையுங்கள்; அதன் படுக்கைத் துணியை முதிய பூனைக்கும், முதிய பூனையின் துணியைக் குட்டிக்கும் மாற்றிக் கொடுத்து மணத்தை அறிமுகப்படுத்துங்கள்; பின்னர்க் கதவிடுக்கின் வழியே பார்க்கவிடுங்கள்; இறுதியாகச் சந்திக்க விடுங்கள். மணம், பின் பார்வை, பின் தீண்டல் என்னும் இவ்வரிசை விஞ்ஞான முறைப்படி சரியானதே. ஆனால், தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்தில் தனியறைக்கு எங்கே போவது? ஆங்கிலத்தில் 'லைன்' என்று வழங்கிய வரிசைவீடே நம் மக்கள் வாயில் லயமாயிற்று. அவ்வரிசையில் ஒரு குடும்பத்திற்கு ஓர் அறையும் அடுப்படியுமே பல இடங்களில் உண்டு. மேற்சொன்ன அறிவுரையை அப்படியே தமிழாக்கித் தந்தால் இலக்கணப் பிழை ஏதும் இராது. லயத்தில் வாழ்வோருக்குப் பயனும் இராது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. துணியை மாற்றிக் கொடுக்கும் முறை, நோய்த்தடுப்பு நூல்கள் கூறுவதோடு முரண்படுகிறது. பூனைக்குட்டிகளைக் கூட்டங்கூட்டமாய் மாய்க்கும் நோய்களுள் தலையாயது, வெள்ளணுக்களை அழிக்கும் பார்வோ வைரஸ் நோயாகும். ஊக்கமின்மை, காய்ச்சல், ஓயாத வாந்தி, நாற்றமுடைய பேதி ஆகியவை அதன் குறிகள். குட்டியின் உடலில் கிருமி புகுந்து நோய் வெளிப்பட இரண்டு முதல் பத்து நாட்கள்வரை ஆகலாம். அதுவரை பார்வைக்கு நலமாயிருக்கும் குட்டியின் துணியை முதிய பூனைக்குக் கொடுத்தால், மணத்தோடு நோயையும் கொடுத்தவராவோம். இக்கிருமி வீட்டுத் தரையிலும் துணியிலும் ஓராண்டுவரை அழியாது தங்கும் வன்மையுடையது. சென்ற ஆண்டு ஒரு குட்டி பேதியால் இறந்த வீட்டில், தடுப்பூசி போடாத மற்றொரு குட்டியை இவ்வாண்டு கொணர்வதும் ஆபத்தே.

இவ்விரு முட்டுப்பாடுகளுக்கும் ஒரே தீர்வு உண்டு. நம் பகுதியில் குட்டியானது கடையில் வாங்கப்படுவது அரிது. அடுத்த லயத்திலோ, அடுத்த தெருவிலோ, சம்பந்தி வீட்டிலோ பிறந்ததே பெரும்பாலும் வருகிறது. அப்படியாயின், அது பிறந்த வீட்டையே தனியறையாகக் கொள்ளலாமே! குட்டி தாயோடிருக்கட்டும். அங்கேயே அதன் நலத்தை இரண்டு வாரம் கவனிக்கலாம். உடன்பிறந்த குட்டிகள் அனைத்தும் நலமாயிருந்தால் அதுவே நல்ல சான்று. அக்காலத்தில் முதிய பூனை படுத்த பழந்துணி ஒன்றை அவ்வீட்டிற்குக் கொடுத்தனுப்பி, குட்டிகளின் படுக்கையில் விரிக்கச் செய்யலாம். துணி ஒரு வழியாகவே செல்ல வேண்டும். இரண்டு வாரம் நோயின்றிக் கழிந்தபின், குட்டியின் துணியை நம் வீட்டிற்குக் கொணர்ந்து முதிய பூனையின் உணவுத்தட்டிற்குச் சற்று எட்டத்தில் வைக்கலாம். சீறினால் இன்னும் எட்ட வைக்க வேண்டும். மோந்துவிட்டு அலட்சியமாய்த் தன் உணவிற்குத் திரும்புமானால், மணம் அறிமுகமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

இம்முறையால் வேறொரு நன்மையும் விளைகிறது. கண் திறந்ததும் குட்டியைப் பிரித்துக் கொணரும் வழக்கம் நம்மிடையே உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தார் 5,700-க்கு மேற்பட்ட பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்திற்கு முன் தாயினின்று பிரிக்கப்பட்டவை பிற்காலத்தில் மூர்க்க குணம் மிகுந்தவையாய் இருக்கக் கண்டனர். தாயிடமும் உடன்பிறந்தாரிடமும் விளையாடியே, கடியின் வலிமையை அடக்கவும், மூத்ததன் உறுமலைப் புரிந்துகொண்டு விலகவும் குட்டி கற்றுக்கொள்கிறது. மனிதரிடம் பழகும் பருவமோ இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்னும் பெண்மணி 1980-களில் செய்த சோதனைகள் இதனைக் காட்டின. ஆகவே, குழந்தைகள் குட்டியைப் பார்க்க நாள்தோறும் அவ்வீட்டிற்குச் சென்று சற்றுநேரம் கையிலேந்தி வருவது நல்லதே. வயது தெரியாவிடில் தராசு சொல்லும்: எட்டு வாரக் குட்டி ஏறத்தாழ 800 கிராம் நிற்கும். பிறக்கும்போது நீலமாயிருந்த கண்ணின் நிறமும் அதற்குள் மாறத் தொடங்கியிருக்கும்.

பிறந்த வீடு தெரியாத குட்டியாயின், அதாவது வழியிலோ சந்தையிலோ எடுத்ததாயின், இச்சலுகை இல்லை. விறகுக் கொட்டிலிலோ ஆட்டுத் தொழுவத்தின் ஒரு மூலையிலோ, சாக்கு விரித்த பெட்டியில், குளிர் தாக்காவண்ணம் பதினான்கு நாள் தனித்து வைத்தே ஆகவேண்டும். அதற்கு உணவளித்தவர் கைகழுவாமல் முதிய பூனையைத் தொடலாகாது. இடத்தைத் தூய்மை செய்ய வீட்டு உபயோகத்திற்குரிய திரவ வெளுப்பான் ஒரு பங்கை 32 பங்கு நீரில் கலந்து பயன்படுத்தலாம். காய்ந்தபின்னரே பிராணியை விட வேண்டும். பினாயில் தெளிப்பது கூடாது. பீனால் சேர்ந்த பொருள்களை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. காய்ச்சலுக்கென்று நாம் உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரையும் அதே காரணத்தால் பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரை கொடுத்து உயிரைப் போக்கியவர்கள் நல்லெண்ணத்தோடேதான் கொடுத்திருப்பர்.

வெருகின் குட்டி

வழியில் எடுத்தது வீட்டுப் பூனையின் குட்டிதானா என்பதையும் நோக்க வேண்டும். தேயிலைக் காட்டிலும் ஏலக்காட்டிலும் புலிப்பூனை உண்டு; கரும்பு வயலிலும் நாணற்புதரிலும் காட்டுப்பூனை குட்டி போடும். மறையூர் வெல்லத்திற்குப் பெயர்பெற்றது. அங்குக் கரும்பு வெட்டும்போது குட்டி தென்படின் ஐயுறவு வேண்டும். புலிப்பூனைக் குட்டியின் மேலெங்கும் புள்ளிகளும், நெற்றியில் வெண்கோடுகளும், காதின் பின்புறத்தில் ஒரு வெண்புள்ளியும் காணப்படும். காட்டுப்பூனைக்குக் கால்கள் நெடியவை. வால் குறுகியது, நுனியருகே கரிய வளையங்களுடையது. தமிழில் இவற்றை வெருகு என்பர். தொல்காப்பியத்தின் மரபியல், கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்த்து, இவற்றின் இளமைப்பெயர் 'குட்டி' என விதிக்கிறது. பூனைக்குக் கேரளத்தார் வழங்கும் 'பூச்ச' என்னும் சொல்லும் நம் பழஞ்சொல்லாகிய 'பூசை'யும் ஓரினமே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இத்தகைய சொற்களைச் சந்திப்பது ஒரு தனி மகிழ்ச்சி.

வெருகின் குட்டியை வீட்டிற்குக் கொணர்தல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அன்றியும் அது பெரும்பாலும் தாயிழந்ததாய் இராது. தாய் இரைதேடிச் சென்றிருக்கும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் கரும்பு அறுவடையின்போது கண்டெடுக்கப்பட்ட காட்டுப்பூனைக் குட்டிகளையும், நம் நாட்டுக் காட்டுப் பூனையினங்களுள் மிகச் சிறியதாகிய துருப்புள்ளிப் பூனையின் குட்டிகளையும் வனத்துறையினர் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துத் தாயோடு சேர்த்துள்ளனர். நம் பகுதியிலும் செய்ய வேண்டியது அதுவே: குட்டியைத் தொடாது விட்டு, வேலையாட்களை விலக்கி, வனத்துறை அலுவலகத்திற்குச் சொல்லியனுப்புதல். நோய் பரவும் வழியும் இருதிசையது. வீட்டுப் பூனையின் வெள்ளணுநோய் காட்டிலுள்ள இனங்களையும் தாக்கவல்லது. சின்னாறு, பறம்பிக்குளம் போன்ற காப்பிடங்களை ஒட்டிய ஊர்களில் இதனை மறத்தலாகாது.

பஞ்சாரத்தின் உதவி

இனிக் குட்டி வீட்டிற்கு வரும் நாள். அதற்குமுன் முதிய பூனைக்கு ரேபீஸ் தடுப்பூசியும், கிடைக்குமாயின் வெள்ளணுநோயையும் இருவகைச் சளிநோய்களையும் தடுக்கும் மூவகைத் தடுப்பூசியும் போட்டிருத்தல் நலம். குட்டிக்கு மூவகைத் தடுப்பூசியின் முதற்றவணை எட்டாம் வாரத்தையொட்டியும், ரேபீஸ் தடுப்பூசி மூன்றாம் மாதத்திலும் போடப்படும். பதினான்கு நாள் தனிமை வெள்ளணுநோயைக் காட்டிக்கொடுக்குமேயன்றி ரேபீஸைக் காட்டிக்கொடுக்காது. அந்நோய் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மறைந்திருக்க வல்லது. முதிய பூனைக்கு முன்கூட்டியே ஊசி போடச் சொல்வதன் காரணம் இதுவே.

பார்வையை அறிமுகப்படுத்த நம் வீடுகளில் ஒரு நல்ல சாதனம் உள்ளது. கோழியை மூடிவைக்கும் மூங்கிற் பஞ்சாரமே அது. குட்டியை அதனுள் வைத்து, கவிழாதபடி மேலே ஒரு கல்லை ஏற்றி, முதலில் பாதியைச் சாக்கினால் மூடி அறையின் ஓரத்தில் வைக்கலாம். மூங்கில் இடுக்கின் வழியே மணமும் ஓசையும் சிறிது பார்வையும் செல்லும். நகம் செல்லாவண்ணம் இடைவெளி குறுகியிருப்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். கோழி இருந்த பஞ்சாரமாயின் கழுவி வெயிலில் காயவைத்தல் அவசியம். ஒவ்வொரு வேளையும் முதிய பூனைக்கு, பஞ்சாரத்திற்கு அஞ்சாமல் எவ்வளவு தூரத்தில் உண்ணுமோ அவ்வளவு தூரத்தில் உணவை வைத்து, குட்டிக்கும் அதே நேரத்தில் உள்ளே அளிக்க வேண்டும். நாளுக்கு ஒரு சாண் அளவிற்குத் தட்டை நெருக்கலாம். அயலாரின் மணம் வரும்போதெல்லாம் வயிறு நிறைகிறது என்பதை முதிய பூனை இவ்வாறு கற்கிறது. நாள் முழுதும் குட்டியை அடைத்து வைத்தல் கூடாது. முதிய பூனை வெளியே உலாவச் செல்லும் நேரத்தில் திறந்துவிட்டு விளையாடச் செய்யலாம். அவ்வேளையில் குட்டி தன் மணத்தை வீட்டில் பரப்பும், அதுவும் பயனே.

உணவைப் பற்றி ஒரு சொல். பாலும் சோறுமே பூனைக்குப் போதும் என்னும் எண்ணம் பரவலாயுள்ளது. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ள டாரின் என்னும் பொருளைப் பூனை போதிய அளவில் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. இருவருக்கும் மீன் கிடைக்கும் வீட்டில் சண்டை குறைவு என்று சொன்னால் மிகையாகாது.

பஞ்சாரத்தின் முன் முதிய பூனை சீறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சீறல் என்பது தூரத்தைக் கேட்கும் வேண்டுகோள்; கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இதற்காகப் பூனையை அதட்டுவதும் அடிப்பதும் பெருந்தவறு. குட்டி வந்தால் அடி விழும் என்பதையே அது கற்கும். நம்மவர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஓசையற்ற பகைமையைத்தான். முதிய பூனை அசையாது அமர்ந்து குட்டியை இமையாமல் நோக்குதல், உணவிற்கோ மணல்தட்டிற்கோ செல்லும் வழியில் குறுக்கே படுத்துக்கொள்ளுதல், காதுகள் பக்கவாட்டில் மடிந்து வால்நுனி மட்டும் துடித்தல் ஆகியவை சீறலினும் கடுமையான குறிகள். அந்நிலையில் ஒரு முறத்தை இருவருக்கும் இடையே நிறுத்தி நோக்கை மறைத்தாலே போதும். மறுநாள் தட்டை இரண்டு சாண் பின்னுக்கு வைத்துத் தொடரலாம்.

நல்ல குறியும் உண்டு. வால் செங்குத்தாய் நிமிர்ந்து வருதல் பூனையின் நட்புக்குறி. 1990-களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், பூனையின் நிழலுரு அட்டைகளை வெட்டி வீட்டுப் பூனைகளின் முன் வைத்துச் சோதித்தனர். வால் நிமிர்ந்த உருவைக் கண்டவை தாமும் வாலை நிமிர்த்திக்கொண்டு அணுகின. வால் தாழ்ந்த உருவைக் கண்டவை தயங்கின. எட்டு வாரம் தாயோடு வளர்ந்த குட்டி, மூத்ததைக் கண்டதும் இவ்வாறு வாலை உயர்த்தும். முதிய பூனை அதற்கு மறுமொழியாய்த் தன் வாலை உயர்த்தும் நாள் வந்தால், பஞ்சாரத்தை அகற்றலாம். முதற்சந்திப்பு பத்து நிமிடத்திற்கு மேற்படாமல், உணவுண்ட பின்னர், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் நிகழட்டும். முதிய பூனை ஏறிப் படுக்க, குட்டி எட்டமுடியாத ஓர் உயரமான இடம் அவசியம் வேண்டும். மூட்டு தளர்ந்த பூனையாயின் பரணுக்கு ஏற ஒரு பெட்டியைப் படியாக வைத்துக் கொடுக்கலாம். உணவும் தடவிக்கொடுத்தலும் எப்போதும் மூத்ததற்கே முதலில்.

சண்டை மூண்டால்

எவ்வளவு கவனமாயிருந்தும் சில வேளை கட்டிப் புரளும் சண்டை மூளலாம். அப்போது கையை நுழைத்தல் ஆகாது. சாக்கையோ போர்வையையோ மேலே எறிந்து, ஒன்று நழுவி ஓட வழிவிட வேண்டும். வெகுண்ட பூனை வளர்த்தவர் கையையும் அறியாது. அதன் பல் ஊசி போன்றது. மேலே சிறு துளையாய்த் தோன்றினும் ஆழத்தில் கிருமிகளை விதைத்துவிடும். விரல் மூட்டில் கடிபட்டுச் சில மணி நேரத்தில் வீங்கினால் மருத்துவரை நாடாமல் இருத்தல் கூடாது.

ரேபீஸைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் காயங்களை மூவகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நக்குதல் முதல் வகை. இதற்குச் சிகிச்சை வேண்டுவதில்லை. இரத்தம் கசியாத கீறல் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் கசிந்த கீறல், புண்ணில் நக்குதல் ஆகியவை மூன்றாம் வகை. இவற்றிற்குத் தடுப்பூசியோடு காயத்தில் எதிர்ப்புப் புரதமும் செலுத்தப்படும். எவ்வகைக் காயமாயினும் முதற்சிகிச்சை ஓடும் நீரில் சோப்பிட்டு முழுமையாய் 15 நிமிடம் கழுவுதலே. இதற்கு மருத்துவமனைக்குச் செல்லும்வரை காத்திருக்கலாகாது. பள்ளிக் குழாயடியே போதும். காப்பித்தூள், மிளகாய், சுண்ணாம்பு, மஞ்சள் ஆகியவற்றை அப்புதல் தீங்கு.

பிள்ளைகள் கீறலை மறைப்பதற்கு ஒரு காரணம் ஊசிபற்றிய அச்சம். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டன்மார் கூறக் கேட்டிருப்பர். டேவிட் செம்பிள் 1911-ஆம் ஆண்டில் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட பழைய தடுப்பு மருந்து அது. பாலக்காட்டுக்கு அருகேயுள்ள குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் ஸ்தாபனத்திலும் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது தோலினுள் போடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணைகள். ஒவ்வொரு தவணையிலும் இரு தோள்களிலும் ஒவ்வொரு சிறு ஊசி. இதில் முதல் நாள் என்பது ஊசி தொடங்கும் நாள். மற்றவை அதிலிருந்து கழிந்த நாட்கணக்கு. ஆசிரியர்கள் வகுப்பில் இதனை ஒருமுறை விளக்கினால், மறைக்கப்பட்ட கீறல்கள் வெளிவரும். கடித்த பூனையைக் கொல்லாமல் பத்து நாள் அடைத்துக் கவனிப்பதும் தேவை. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது.

எத்தனை நாளில் இரண்டும் ஒன்றுபடும் என்று கேட்போர்க்குத் திட்டமாய் விடை கூற இயலாது. சில பூனைகள் மூன்று வாரத்தில் ஒரே சாக்கில் உறங்கும். சில, மாதங்கள் பல கழிந்தும் நெருங்குவதில்லை. ஒன்று காலையிலும் மற்றொன்று மாலையிலும் அடுப்படியை அனுபவித்து, ஒன்றையொன்று காணாததுபோல் நடந்துகொள்ளும். தனித்து வாழ்ந்த இனத்திற்கு அதுவும் ஒருவகை உடன்பாடே; இரண்டும் உண்டு, உறங்கி, மணல்தட்டை அஞ்சாது பயன்படுத்தினால் மேலும் வற்புறுத்த வேண்டுவதில்லை. குட்டிக்கு ஐந்து, ஆறு மாதம் ஆகும்போது மட்டும் மீண்டும் கவனம் தேவை. அப்போது அது இனவிருத்திப் பருவம் எய்தி, ஆணாயின் சுவரெங்கும் சிறுநீர் தெளித்து முதிய பூனையின் முத்திரைகளை அழிக்க முற்படும். அடங்கியிருந்த பகை மீண்டும் தலைதூக்கும். பெண்ணாயின் கருவுற்று ஏறத்தாழ 63 முதல் 65 நாட்களில் ஈனும். முதிய பூனை மீண்டும் கூரைக்குச் செல்லும். அப்பருவத்திற்கு முன்னரே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம். ரேபீஸ் தடுப்பூசிக்காக மூன்றாம் மாதத்தில் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லும் அன்றே அதற்குரிய நாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வருவது வசதி.